கோமதிக்கு வாங்கிய சாம்பார்

குற்றாலத்துக்குப் போகும் வழியில், மலையடிவாரத்தில் ஒரு சிறிய ஆசிரமம் இருந்தது. அதை நடத்தியவர் சிவஞான அம்மை. நாற்பதைத் தாண்டியவர். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த ஆவுடையப்பனுக்கோ அறுபது வயது.

ஆவுடையப்பன் தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். மனைவி கோமதி மார்பகப் புற்றுநோயில் இறந்ததும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்துவிட்டார். ஆசிரமத்துச் சமையற்கட்டில் காய் நறுக்குவார். பாத்திரம் கழுவுவார். யாரிடமும் அதிகம் பேச மாட்டார்.

ஒருநாள் அக்கம்பக்கத்துப் பெண்களுக்காக ஒரு பெண் டாக்டர் அங்கே வந்து பேசினார். ஆவுடையப்பன் பின்வரிசையில் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். சூடும் எண்ணெயும் பட்டால் பிளாஸ்டிக்கிலிருந்து சில ரசாயனங்கள் சாப்பாட்டில் இறங்கும் என்றார் டாக்டர். அவற்றில் சில, உடம்பில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போலவே வேஷம் போடும். மார்பில் கட்டி வளர அதுவும் துணைபோகலாம் என்று ஆராய்ச்சி செய்பவர்கள் சந்தேகப்படுகிறார்கள் என்றார்.

ஆவுடையப்பன் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

அதன் பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இலையில் உட்காருவார், சோற்றைப் பிசைவார், எழுந்துவிடுவார். சில நாள் பார்த்துவிட்டு அம்மை அவரைக் கூப்பிட்டு என்ன என்று விசாரித்தார்.

கோமதி பள்ளிக்கூடத்து டீச்சர். சாயங்காலம் களைத்துப்போய் வருவாள். அவள் மறுபடியும் அடுப்படியில் நிற்க வேண்டாமே என்று, கடைக்குப் பக்கத்து ஓட்டலில் இட்லியும் சாம்பாரும் வாங்கிப் போவது ஆவுடையப்பனின் வழக்கம். கொதிக்கக் கொதிக்க சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றி நூலால் கட்டித் தருவார்கள். ஆறிவிடக் கூடாதே என்று ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போவார். சாரல் காலத்தில் கோமதி அந்தக் கவரை வாங்கி, இரண்டு கைக்குள்ளும் கொஞ்ச நேரம் பொத்தி வைத்துக்கொள்வாளாம். பல வருஷம் அப்படித்தான் நடந்தது.

சொல்லி முடித்துவிட்டு அவர் கேட்டார்.

"அவளுக்கு அந்த நோயைக் கொடுத்தது நான்தானாம்மா?"

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

கேட்டிருந்தார். இந்த நோய்க்குக் காரணங்கள் பல, ஒருத்தருக்கு எதனால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அது பதில் இல்லைம்மா. நீங்க சொல்லுங்க. ஆமாவா, இல்லையா?"

"ஆமான்னு சொன்னா?"

"என் பாவம் இன்னதுன்னு தெரிஞ்சுபோகும்."

"இல்லைன்னு சொன்னா?"

அவர் யோசித்தார். "என்னைத் தேத்துறதுக்காகச் சொல்றீங்கன்னு நினைச்சுக்குவேன்."

"நாளைக்குப் பௌர்ணமி. பார்சல் பக்கம் நீங்க நில்லுங்க" என்றார் அம்மை.

பௌர்ணமிதோறும் அங்கே அன்னதானம் உண்டு. உட்கார்ந்து சாப்பிட நேரமில்லாதவர்கள் வாசல் பக்கம் வரிசையில் நின்று வாங்கிப் போவார்கள். சோறு இலையில், சாம்பார் கவரில். அந்த வேலையைத் தனக்குக் கொடுத்ததிலிருந்தே அம்மையின் தீர்ப்பு 'ஆமா'தான், இது அதற்கான தண்டனை என்று ஆவுடையப்பன் நினைத்துக்கொண்டார். மறுநாள் மறுபேச்சில்லாமல் போய் அண்டாவுக்கு முன்னால் நின்றார்.

வரிசையில் முதலில் நின்றவள் இசக்கியம்மாள். ரோட்டோரம் தையல் கடை வைத்திருப்பவள், ஏழு மாதக் கர்ப்பிணி. ஆவுடையப்பன் ஒரு கவரை எடுத்து, ஊதிப் பிரித்தார். கரண்டியில் சாம்பாரை மொண்டார். ஆவி முகத்தில் அடித்தது.

கை அப்படியே நின்றுவிட்டது.

கரண்டியை அண்டாவிலேயே போட்டுவிட்டு, உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுப் போகச் சொன்னார். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருப்பதாக அவள் சொன்னாள். பின்னால் நின்றவர்கள் என்ன தாமதம் என்று முணுமுணுத்தார்கள். வேறு வழியில்லாமல் அவர் கோமதியைப் பற்றிச் சொன்னார். அவள் இறந்த பிறகு, முன்பின் பழகாத ஒருவரிடம் அவள் பேரை அவர் எடுத்தது அதுதான் முதல் தடவை.

இசக்கியம்மாள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"இந்தக் கவராலதான் அவங்களுக்கு வந்துச்சா, ஐயா?"

"தெரியாதும்மா. யாருக்கும் தெரியாது. ஆனா உனக்கு இதுல ஊத்த எனக்கு மனசு வரலை."

அவள் வரிசையை விட்டுப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டாள் என்றுதான் அவர் நினைத்தார். கொஞ்ச நேரத்தில் கடையிலிருந்த தூக்குச்சட்டியோடு திரும்பி வந்தாள். வேறு சிலர் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். சிலர் சோற்றை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். சாமி பிரசாதத்தில் வந்து இதையெல்லாம் பார்ப்பதா என்று ஒருவர் சத்தம் போட்டுவிட்டு, வெறுங்கையோடு போனார். ஆவுடையப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். கவரை மட்டும் தொடவில்லை.

சாயங்காலம் அவர் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அம்மை வந்தார்.

"சாம்பார் நிறைய மிச்சமாயிட்டும்மா" என்றார் ஆவுடையப்பன். "சில பேரு கோவிச்சுட்டுப் போயிட்டாங்க."

"அந்தத் தையல்காரப் பொண்ணு என்ன கேட்டா?"

"நான் உங்ககிட்ட கேட்டதைத்தான்."

"என்ன சொன்னீங்க?"

"தெரியாதுன்னு சொன்னேன்."

"தெரியாமலா இத்தனை பேரையும் நிறுத்தி வச்சீங்க?"

அவர் நிமிர்ந்தார். குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"சந்தேகம்னு ஒண்ணு வந்த பிறகு எப்படிம்மா ஊத்துறது?"

"சந்தேகம் வர்றதுக்கு முந்தி, அவங்களுக்கு வாங்கிட்டுப் போனப்போ?" என்று கேட்டார் அம்மை.

ஆவுடையப்பன் சாம்பல் அப்பிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அண்டாவுக்குப் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.