சரிபார்க்காத மழை

ஓர் ஆற்றுக்கு மூன்று அலுவலகங்கள் இருந்தன. மலையில் பெய்யும் மழையை அளப்பது ஒன்று. அணையின் ஷட்டர்களைத் திறந்து மூடுவது இன்னொன்று. வெள்ளம் வருகிறது, கரையேறுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்வது மூன்றாவது. மூன்றும் ஒரே சாலையில், ஒரே டீக்கடைக்கு எதிரில் இருந்தன. டீக்கடையில் மூன்று அலுவலகத்தாரும் மருமகன்களைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். மழையைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

மழை அலுவலகத்துக்குத் தலைவர் தில்லைநாயகம். ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஆற்றங்கரைக்கு வருவார். அங்கே கைவிடப்பட்ட ஒரு பம்ப் ஷெட்டில் அம்மை இருந்தாள். அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். எந்த மடத்திலிருந்தும் வந்தவள் இல்லை, எந்த மடத்தையும் கட்டவும் இல்லை. வருகிறவர்களுக்குக் கஞ்சி கொடுப்பாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், அல்லது சொல்லமாட்டாள். மனைவி இறந்த வருடம் தில்லைநாயகம் அவளிடம் முதன்முதலாக வந்தார். பிறகு வராமல் இருக்க முடியவில்லை.

அந்த ஐப்பசி ஞாயிறன்று வரும்போதே அவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

“கஞ்சி குடிக்கிறீங்களா இஞ்சினியரே?”

“கஞ்சி கிடக்கட்டும்மா. ஒரு கேள்வி.”

“கேளுங்க.”

“அடுத்தவன் கையை இறுக்கி மூடிக்கிட்டிருக்கான். அதை எப்படித் திறக்கிறது?”

“யாரு அந்த அடுத்தவன்?”

“அணைக்காரன். அருமைராஜ். எத்தனை ஷட்டர் திறக்கப் போறேன்னு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லமாட்டான். கேட்டா, மழை எவ்வளவுன்னு நீங்க முதல்ல எழுத்துல கொடுங்கங்கிறான். கலெக்டர் முன்னாடி உட்கார்ந்து, இனிமே எல்லாத்தையும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவோம்னு மூணு பேரும் கையெழுத்துப் போட்டோம். போட்டோகூட எடுத்தாங்க. அதுல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறான் அவன்.”

“நீங்க?”

“நான் என்ன?”

“போட்டோவுல.”

“நானும்தான் சிரிச்சேன்.”

அம்மை கலயத்தில் கஞ்சியை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

“உங்க கையில என்ன இருக்கு?”

தில்லைநாயகம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மலையில் நட்டிருந்த மழைமானிகள் கால் மணிக்கொரு தரம் அவருடைய கைப்பேசிக்குக் கணக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அது வேறு யாருக்கும் போகாது.

“மழை இருக்கு.”

“காட்டுங்க.”

“காட்டக் கூடாதும்மா. சரிபார்க்காத கணக்கு. நாளைக்குக் காலையில முழு நாள் கணக்கும் வந்து சேரும். பக்கத்து மானியோட ஒத்துப் பார்ப்போம். ஒண்ணுல இலை விழுந்து அடைச்சிருக்கும், ஒண்ணைக் குரங்கு பிடிச்சு ஆட்டியிருக்கும். அதெல்லாம் பார்த்து நான் கையெழுத்துப் போட்டாத்தான் அது மழை.”

“அதுவரைக்கும்?”

“வெறும் நம்பர்.”

“மலையில நிக்கிறவன் நனையமாட்டானாக்கும்.”

அவர் கஞ்சியைக் குடித்தார். கலயம் வேகமாகக் காலியானது.

“பசியா?”

“ஆமா.”

“சரிபார்த்தீங்களா?”

தில்லைநாயகத்துக்குக் கோபம் வந்தது. “உங்களுக்கு விளையாட்டா இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சரிபார்க்காம ஒரு கணக்கை நம்பி நான் பட்டது போதும்.”

அது அம்மைக்கும் தெரிந்த கதைதான். அந்த வருடம் மலையில் ஒரே மானி பெருமழை என்று காட்டியது. அவர் பதறிப்போய்ச் சொல்ல, ஒலிபெருக்கி அலறியது. ஆற்று மணலில் கிடைபோட்டிருந்த வாத்துக்காரர்கள் மந்தையை இருட்டில் சாலைமேல் ஏற்றினார்கள். வெள்ளம் வரவில்லை. லாரி வந்தது. மானிக்குள் குளவி கூடு கட்டி, அளக்கும் தட்டை ஆட்டிக்கொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். வாத்துக்காரி பொன்னுருவி அலுவலக வாசலுக்கே வந்து செத்த வாத்துகளைப் படிக்கட்டில் அடுக்கிவிட்டுப் போனாள்.

இந்த வருடமும் பொன்னுருவி வந்திருந்தாள். குறுவை அறுத்த வயல்களில் பகலெல்லாம் வாத்துகளை மேய்த்து, மாலையில் ஆற்றின் நடுமணலில் வலை கட்டி அடைத்துவிடுவாள். வலைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்ட குடிசை. உள்ளே அவள் புருஷன் வீரணன், உடைந்த காலுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, படுத்த படுக்கையாகக் கிடந்தான். ஆற்றில் ஓர் ஓரமாக, முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மை எழுந்தாள். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரையிலிருந்து இறங்கினாள். தண்ணீரைக் கடந்து, பொன்னுருவியின் குடிசைக்குப் பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்தாள்.

தில்லைநாயகம் கரையில் நின்று பார்த்தார். விளையாட்டு என்றுதான் நினைத்தார். சட்டைப்பையில் கைப்பேசி சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். மேல்மலை மானி, காலையிலிருந்து பதினேழு சென்டிமீட்டர் என்றது. அதற்குப் பக்கத்து மானி மூன்று என்றது. இரண்டுக்கும் மேலே சிவப்பெழுத்தில் ‘சரிபார்க்கப்படாதது’ என்றிருந்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் இறங்கினார்.

“மேல வாங்கம்மா.”

“ஏன்?”

“வாங்களேன், சும்மா.”

“சும்மா எதுக்கு ஏறணும்? காத்து நல்லா வருது.”

சோறு கொதித்துக்கொண்டிருந்த அடுப்பைவிட்டு நிமிர்ந்தாள் பொன்னுருவி. “யாரு, மழை சாரா? என்ன சார், மறுபடியும் ஏறச் சொல்றீங்களா? லாரிக்கும் சொல்லி வச்சிட்டீங்களா?”

குடிசைக்குள்ளிருந்து வீரணன் சிரிப்பது கேட்டது.

“நான் ஒண்ணும் சொல்லலை,” என்றார் தில்லைநாயகம்.

“சொல்லலைன்னா போங்க. சோத்துல மண்ணைத் தட்டாதீங்க.”

அவர் அம்மையின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். “ஒரு மானி பதினேழுங்குது. ஒண்ணு மூணுங்குது. ரெண்டுல ஒண்ணு பொய். எதுன்னு தெரியாம நான் எப்படிச் சொல்ல?”

“எதுன்னு யாருக்குத் தெரியும்?”

“அணைக்குத் தண்ணி வர்ற வேகத்தைப் பார்த்தா தெரியும்.”

“அதைப் பார்க்கிறது யாரு?”

“அவன்தான். அந்த அருமைராஜ்.”

“அப்ப சரிபார்த்துட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்,” என்று அம்மை கால்களை நீட்டிக்கொண்டாள்.

தில்லைநாயகம் பற்களைக் கடித்துக்கொண்டு கரைக்குத் திரும்பினார். குருவென்று ஒருத்தியை வைத்துக்கொண்டால் இப்படித்தான். முதலில் மூன்றாவது அலுவலகத்துக்குப் போன் அடித்தார். காவலாளி எடுத்தான். “இன்னைக்கு ஞாயித்துக்கிழமை சார்,” என்று அவருக்கு நினைவூட்டிவிட்டு வைத்தான்.

பிறகு அணைக்கு அடித்தார்.

“சொல்லுங்க சார்,” என்றான் அருமைராஜ்.

“தண்ணி எவ்வளவு வருது உங்களுக்கு?”

“மழை எவ்வளவு பெய்யுது உங்களுக்கு?”

“நான் முதல்ல கேட்டேன்யா.”

“சார், நான் பாட்டுக்கு ஒரு கணக்கைச் சொல்லி, அது நாளைக்குப் பேப்பர்ல வந்துச்சுன்னா? தண்ணியைக் கடலுக்கு விட்டுட்டான்னு விவசாயிங்க ரோட்டுல உட்காருவாங்க. நீங்களா வந்து எழுப்புவீங்க? லெட்டர் அனுப்புங்க. நானும் அனுப்பறேன்.”

“ஞாயித்துக்கிழமை லெட்டரை யாருய்யா அடிப்பா?”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

தில்லைநாயகம் ஆற்றைப் பார்த்தார். அம்மை பாயில் ஒருக்களித்துப் படுத்துவிட்டாள். தலைக்குக் கையை வைத்திருந்தாள். வாத்துகள் வழக்கம்போல வலைக்குள் அடங்காமல் கழுத்தை நீட்டி நீட்டிக் கத்திக்கொண்டிருந்தன. கைப்பேசி காதிலேயே ஒருமுறை அதிர்ந்தது. பதினேழு இப்போது பத்தொன்பது.

“பத்தொன்பது!” என்று கத்தினார். “கேட்டுச்சா? மேல்மலையில பத்தொன்பது சென்டிமீட்டர்! சரிபார்க்கலை! கையெழுத்துப் போடலை! பக்கத்து மானி மூணுதான் காட்டுது! குளவி இருக்கலாம், குரங்கு இருக்கலாம், ஒரு மண்ணும் எனக்குத் தெரியாது! போதுமா?”

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“அருமைராஜ்?”

“பத்தொன்பதுதான் சார்.” குரல் மாறியிருந்தது. “அந்த மூணுதான் பொய். காலையிலேர்ந்து அணைக்குள்ள தண்ணி பொங்கிக்கிட்டு வருது. எங்கேர்ந்து வருதுன்னே தெரியாம முழிச்சுக்கிட்டிருக்கேன். அடங்கிடும் அடங்கிடும்னு பார்த்து, மத்தியானம் மூணு ஷட்டரைத் தூக்கிட்டேன். மேல பத்தொன்பதுன்னா எல்லாத்தையும் தூக்கணும்.”

“தூக்கிட்டியா? யாருகிட்டச் சொன்ன?”

“மெயில் போட்டிருக்கேன் சார்.”

“யாருக்கு?”

“ஒலிபெருக்கி ஆபீசுக்கு. திங்கக்கிழமை பார்ப்பாங்க.”

தில்லைநாயகத்துக்கு வாயில் வந்த வார்த்தையைச் சொல்ல நேரமில்லை. “எப்ப வந்து சேரும் இங்க?”

“இருட்டுறதுக்குள்ள வந்துரும். நான் மத்ததைக் கொஞ்சம் நிதானமாத் தூக்கறேன். அங்க யாராவது இருக்காங்களா சார்?”

அவர் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தார். தண்ணீர் அவர் தொடையைத் தொட்டது. வரும்போது முழங்கால் அளவுதான் இருந்தது.

“ஏறுங்க! எல்லாரும் ஏறுங்க!”

பொன்னுருவி கரண்டியோடு திரும்பினாள். “சரிபார்த்ததா சார்?”

“இல்லை! ரெண்டு பேரும் இப்பத்தான் வாயைத் திறந்தோம். ஷட்டர் தூக்கியாச்சு. ஏறும்மா தாயே!”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு காலடியில் பார்த்தாள். குடிசை வாசலில் காய்ந்து கிடந்த மணல் ஈரமாகிக்கொண்டிருந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு, நுனியில் துணி கட்டிய நீளக் கம்பை எடுத்தாள்.

அம்மை முதலிலேயே எழுந்து பாயைச் சுருட்டியிருந்தாள். வலையை அவள் அவிழ்த்தாள். தில்லைநாயகம் குடிசைக்குள் புகுந்து வீரணனை முதுகில் தூக்கினார். வீரணன் கனமான ஆள். வழியெல்லாம் “கால் சார், கால் சார்” என்று காதில் கத்திக்கொண்டே வந்தான். வாத்துகளோ புதுத்தண்ணீரைக் கண்ட குஷியில் கரைப்பக்கம் போக மறுத்தன. பொன்னுருவி கம்பை வீசி வீசி, அவற்றின் ஏழு தலைமுறையையும் திட்டி ஓட்டினாள்.

கரையில் ஏறி வீரணனை இறக்கியபோது மேற்கிலிருந்து ஓர் இரைச்சல் கேட்டது. நுரையும் வைக்கோலும் வேரோடு வந்த ஒரு மரமுமாக ஆறு முழுவதும் வந்தது. தார்ப்பாய் ஒருமுறை எழும்பி நின்றது. அப்புறம் இல்லை.

மறுநாள் காலையில் மூன்றாவது அலுவலகத்தின் ஜீப் வந்தது. இரு கரையும் தொட்டு ஓடும் ஆற்றைப் பார்த்து, “ஆற்றில் வெள்ளம் வர வாய்ப்புள்ளது, பொதுமக்கள் இறங்க வேண்டாம்” என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத் திரும்பிப் போனது.

தில்லைநாயகம் பம்ப் ஷெட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. கைப்பேசியில் அருமைராஜ் விடியற்காலையிலேயே கணக்கு அனுப்பியிருந்தான். வரும் தண்ணீர் இவ்வளவு, விடும் தண்ணீர் இவ்வளவு. கீழே ஒரு வரி: ‘இன்னும் சரிபார்க்கலை சார்.’ அவர் தன்னுடைய கணக்கைப் பதிலுக்கு அனுப்பினார்.

வெளியே பொன்னுருவி திட்ட ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை.

“முன்னாடியே சொன்னா என்ன, வாயில கொழுக்கட்டையா? கையிலேயே வச்சிருந்தாராம், கையிலேயே! பாதி மந்தை போச்சு. வலை போச்சு. வெந்த சோத்தை ஒரு வாய் தின்னவிட்டாரா இந்த மனுசன்? இந்தாளைத் தூக்கிக்கிட்டு வந்தவரு அந்தப் பானையைத் தூக்கக் கூடாதா?”

“அதானே,” என்றது வீரணனின் குரல்.

தில்லைநாயகம் எரிச்சலோடு அம்மையைப் பார்த்தார். “தண்ணி வரலைன்னாத் திட்டுறா. சரி, அதுல ஞாயம் இருக்கு. சொன்னபடி வந்துச்சு. முதுகுல வேற சுமந்தேன். அப்பவும் திட்டுறா. என்னதான் செய்யச் சொல்றீங்க?”

அம்மை அடுப்பில் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“நல்லாக் கேட்குதா?”

“ஊருக்கே கேட்குது.”

“அவ குரல்தானா?”

“அவதான்.”

“கூடவே அவன் குரலும்?”

“அவனும்தான்.”

“அப்ப கையெழுத்துப் போடுங்க இஞ்சினியரே. கரையில ரெண்டு பேர். இது சரிபார்த்த கணக்கு.”