ஏரிக்கு அந்தப் பக்கம்

“என் வகுப்புல பிள்ளைங்க தூங்குறாங்க, சார்” என்றார் மரகதவல்லி.

இஸ்மாயில் சாப்பிட்ட டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். மரகதவல்லியைவிட வயதில் மிகவும் இளையவர். பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் அவரும் சமூக அறிவியல்தான் நடத்தினார். அவர் லீவு போட்டால் பிள்ளைகளின் முகம் தொங்கிப்போகும் என்று ஆசிரியர்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கேட்டுத்தான் மரகதவல்லி கூச்சத்தை விட்டுப் பஸ் ஏறி வந்திருந்தார்.

“எந்த வகுப்பு, டீச்சர்?”

“எட்டாவது. வினாடி வினா வெச்சுப் பாத்தேன். அட்டையில கிரீடம் செஞ்சு நாடகம் போட்டேன். பாட்டா மாத்திப் பாடினேன். அன்னைக்கு ஒரு நாள் சிரிக்கிறாங்க. மறுநாள் பழையபடி கண்ணைச் சொருகுறாங்க. புதுசா ஏதாவது வழி சொல்லுங்க.”

“இப்ப என்ன பாடம் போகுது?”

“சோழர் காலத்து ஏரிப் பாசனம்.”

“உங்க பள்ளிக்கூடம் கொன்றையேந்தல்லதானே? ஏந்தல்னாலே ஏரிதான்.”

“ஆமா, ஏரி இருக்கு.”

இஸ்மாயில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் எடுத்து வைத்தார்.

“கொன்றையேந்தலை வரைங்க.”

மரகதவல்லி வரைந்தார். பஸ் ஸ்டாப். அங்கிருந்து ஒரு ரோடு. ரோட்டோரம் ஒரு பேக்கரி. கடைசியில் பள்ளிக்கூடம்.

பென்சில் அங்கேயே நின்றது.

“ஏரி?” என்றார் இஸ்மாயில்.

வடக்கா, மேற்கா? பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கமா? தலை நரைக்கிற வரை அந்த ஊருக்கு வந்து போனவருக்குத் தெரியவில்லை.

மணி அடித்தது. இஸ்மாயில் தாளை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் மரகதவல்லிக்குக் கோபம் கோபமாக வந்தது. வழி கேட்கப் போன இடத்தில் மானம் போயிற்று என்று நினைத்தார். இரண்டு ஸ்டாப் தாண்டியதும் கோபம் வேறு பக்கம் திரும்பியது. இது என் நிலைமை என்றால், பிள்ளைகளின் நிலைமை என்ன?

*

மறுநாள் எட்டாம் வகுப்பில் அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஆளுக்கொரு தாள் கொடுத்தார்.

“நம்ம ஊரை வரைங்க. உங்களுக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் போடுங்க.”

யாரும் தூங்கவில்லை. ரப்பருக்குச் சண்டை நடந்தது.

பையன்களின் தாளில் ஏரி இருந்தது. மதகு இருந்தது. பனந்தோப்பு, சுடுகாடு, மீன் பிடிக்கிற படித்துறை, ஏரிக்கு அந்தப் பக்கம் உயர்நிலைப் பள்ளி, அதன் வாசலில் ஐஸ் வண்டி வரைக்கும் இருந்தது.

பெண் பிள்ளைகளின் தாளில் வீடு இருந்தது. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, மாவு மில், மாரியம்மன் கோயில்.

ஜனப்பிரியா என்கிற பெண் மிக அழகாக வரைந்திருந்தாள். கோயிலின் மணியில் கயிறுகூடத் தொங்கியது. தெருக்கோடியில் ஒரு கோடு போட்டு, அதற்கு அப்பால் எல்லாவற்றையும் பென்சிலால் கறுப்பாகத் தேய்த்திருந்தாள்.

“இதுக்கு அந்தாண்ட என்ன?”

“தெரியாது, டீச்சர்.”

“ஏரிக்கரைதானே?”

“இருக்கும். போனதில்ல.”

“வீட்டுல எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?”

“ஏரித் தண்ணிதான், டீச்சர்.”

முகிலன் என்கிற பையன் சிரித்தான். “அங்கெல்லாம் பொண்ணுங்க வர மாட்டாங்க, டீச்சர்.”

“ஏன்?”

முகிலன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். அவன் அடுத்தவனைப் பார்த்தான். வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை.

மரகதவல்லி மெல்லக் கேட்டார். “எட்டாவது முடிச்சிட்டு எங்க படிக்கப் போற, ஜனப்பிரியா?”

அவள் கறுப்பாகத் தேய்த்திருந்த இடத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். அவள் அக்கா எட்டாவதோடு நின்றிருந்தாள். அந்தத் தெருவில் எல்லா அக்காக்களும் எட்டாவதோடு நின்றிருந்தார்கள்.

*

வரைபடக் கட்டோடு மரகதவல்லி மறுபடியும் இஸ்மாயிலிடம் போனார். ஒவ்வொரு தாளாக மேசையில் பரப்பினார்.

“இவங்களுக்குப் போய் நான் ராஜா வெட்டுன ஏரியைச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். இப்ப நான் என்ன செய்யட்டும்?”

இஸ்மாயில் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஜனப்பிரியாவின் தாளில் அதிக நேரம் நின்றார். பிறகு குனிந்து மரகதவல்லியின் கால்களைப் பார்த்தார்.

“இந்தச் செருப்பு ரொம்ப தூரம் தாங்காதே, டீச்சர்.”

மரகதவல்லி தன் செருப்பைப் பார்த்தார். பிறகு தாள்களை அள்ளிக்கொண்டு எழுந்தார். போகிற வழியில் கடைத்தெருவில் இறங்கி ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கினார்.

*

பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றதும் தலைமையாசிரியர் பயந்தார். “பெத்தவங்க சம்மதிச்சா கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா என்னை வம்புல மாட்டி விடாதீங்க.”

மரகதவல்லி வீடு வீடாகப் போனார். ஜனப்பிரியாவின் அப்பா சின்னராசு, லோடு ஆட்டோ ஓட்டுபவர், வாசலிலேயே மறித்தார்.

“குடிக்கிறவனுங்க உக்காந்திருக்கிற இடம், டீச்சர். பொண்ணுங்க போற இடமா அது?”

“அப்ப நீங்களும் கூட வாங்க.”

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி தனபாக்கியம் வந்து நின்றார்.

“அம்மாக்களும் வரலாமா, டீச்சர்?”

“நீங்க ஏரியைப் பாத்ததில்லையா?”

“கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்து அந்தத் தண்ணியிலதான் சோறாக்குறேன். பாத்ததில்ல.”

*

மழை நின்று வெயில் காய்ந்த ஒரு சனிக்கிழமை காலை கிளம்பினார்கள். முன்னால் பையன்கள், நடுவில் பெண் பிள்ளைகள், பின்னால் அம்மாக்கள். எல்லோருக்கும் பின்னால் சின்னராசுவின் லோடு ஆட்டோ எறும்பு மாதிரி ஊர்ந்து வந்தது.

கரை ஏறினார்கள்.

ஏரி நிறைந்து கிடந்தது. ஊரைவிடப் பெரிதாக இருந்தது. காற்று தண்ணீரைச் சுருட்டிச் சுருட்டிக் கரையில் கொண்டுவந்து போட்டது.

“இவ்ளோ பெருசா?” என்று யாரோ ஒரு அம்மா முணுமுணுத்தார்.

பிறகு கேள்விகள் தொடங்கின.

“இதை யாரு வெட்டுனது, டீச்சர்?” “வெட்டுன மண்ணு எங்க போச்சு?” “இந்தக் கரைதான் அந்த மண்ணா?” “மதகை யாரு திறப்பாங்க?” “முதல்ல யாரு வயலுக்குத் தண்ணி போகும்? கடைசி வயல்காரன் சண்டைக்கு வர மாட்டானா?”

பாடத்தின் கடைசியில் அச்சடித்திருந்த கேள்விகளைவிட நல்ல கேள்விகள். மரகதவல்லிக்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னார். தெரியாததை, “வாங்க, கேட்டுப் பாப்போம்” என்று மதகுப் பக்கம் மண்வெட்டியோடு நின்ற ஆளிடம் கூட்டிப்போனார்.

பனை மரத்தடியில் இரண்டு பேர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். வருகிற கூட்டத்தைப் பார்த்ததும் எழுந்தார்கள். வேட்டியைச் சரிசெய்துகொண்டு தோப்பின் வழியாக நடந்துவிட்டார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை.

ஜனப்பிரியா எதிர்க்கரையைக் கை நீட்டிக் காட்டினாள். “அந்த மஞ்சள் கட்டடம் என்ன?”

“அதுதான் ஹைஸ்கூல்” என்றான் முகிலன்.

அவள் நம்பவில்லை. “இவ்ளோ பக்கமா?”

அங்கே சனிக்கிழமை சிறப்பு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மணி அடித்தது. தண்ணீரைத் தாண்டி அந்தச் சத்தம் தெளிவாக வந்தது.

தனபாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆட்டோவைக் கீழே நிறுத்திவிட்டுக் கரையேறி வந்த கணவரிடம் திரும்பினார்.

“இது இவ்ளோ பக்கம்னு ஏன் சொல்லல?”

“நீ கேக்கலியே.”

“இப்பக் கேக்குறேன்.”

சின்னராசு ஏரியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் அப்போதும் மஞ்சள் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சேத்துடலாம்” என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டுப் பக்கத்தில் நின்ற ஓர் அம்மா தன் மகளின் கையைப் பிடித்தார். அதைப் பார்த்து இன்னொருவர்.

*

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று காலை மரகதவல்லி ஏரிக்கரைக்கு வந்தார். இஸ்மாயிலும் வந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. சைக்கிளைப் புங்கமரத்தில் சாய்த்துவிட்டு நின்றார்.

தெருக்கோடியிலிருந்து புதுச் சீருடையில் பெண் பிள்ளைகள் வந்தார்கள். வகுப்பில் படித்த ஒருத்திகூடக் குறையவில்லை. சளசளவென்று பேசிக்கொண்டே வந்தவர்கள் மரகதவல்லியைச் சுற்றி நின்று ஒவ்வொருத்தியாகப் பையையும் பேனாவையும் காட்டினார்கள். பிறகு கரைமேல் நடந்தார்கள். சாலையில் போனவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள்.

மரகதவல்லி தலையை நிமிர்த்தி நின்றார். இஸ்மாயில் அவரைப் பார்த்துக் கைகூப்பினார்.

பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பின்னால் தனபாக்கியம் வந்தார். தலையில் பூ வைத்திருந்தார். கையில் ஒன்றுமில்லை.

இஸ்மாயில் கேட்டார். “பொண்ணுக்குத் துணைக்குப் போறீங்களா, அம்மா?”

தனபாக்கியம் நிற்காமலே சொன்னார்.

“அவளுக்கு எதுக்கு சார் துணை? நான் ஏரியைப் பாக்கப் போறேன்.”