முழங்கால் மடக்காத உப்பரையர்கள்

மூங்கிலாற்றுக் காட்டின் நடுவே ஒரு பெரிய ஆலமரம். அதன் நிழலில் ஓர் ஒட்டகக் குடும்பம் நெடுங்காலமாக நின்றுகொண்டிருந்தது. உட்கார்வதே இல்லை. தூங்கும்போதும் நின்றபடியேதான் தூங்கியது.

அந்தக் குடும்பத்தின் முதல் ஒட்டகம் தோரான். அது இந்தக் காட்டில் பிறந்தது அல்ல. கடலுக்கு அப்பால் இருந்த ஒரு பாலைவனத்திலிருந்து பேரீச்சம்பழ மூட்டையோடு கப்பலில் வந்து இறங்கிய வியாபாரி. பழம் விற்றுத் தீர்ந்தது. திரும்பிப் போகக் கப்பல் வரவில்லை. தோரான் கால் போன போக்கில் நடந்து காட்டுக்கு வந்து சேர்ந்தது.

அங்கே மான்களும் எருமைகளும் வெறும் பாறையை நக்கிக்கொண்டிருந்தன.

"எதற்கு இப்படிக் கல்லை நக்குகிறீர்கள்?" என்று கேட்டது தோரான்.

"உப்பு இல்லை, ஐயா! நாக்கு செத்துப்போய்விட்டது!" என்றது ஓர் எருமை.

உப்பு கடற்கரையில் மலையாகக் குவிந்து கிடந்தது. ஆனால் காட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஏழு நாள் நடைதூரத்துக்குச் செம்மணல் மேடுகள் நிறைந்த தேரி. கால் வைத்தால் புதையும். ஒருமுறை எருது போனது. வயிறுவரை புதைந்து, கத்திக்கொண்டே திரும்பி வந்தது. யானை பார்த்ததோடு சரி.

தோரானின் பாதம் முறம் போல அகலமானது. மணலில் புதையவில்லை. காட்டுத் தேனடையைக் கொண்டுபோய்க் கொடுத்து உப்பை வாங்கிவந்தது.

கடற்கரையில் உப்பு வாரியவை நீர்நாய்கள். குட்டையான பிராணிகள். தோரான் முழங்கால் மடக்கி மணலில் படுத்தால்தான் அவற்றால் பனையோலைப் பெட்டிகளை அதன் முதுகில் ஏற்ற முடியும். காட்டுக்கு வந்ததும் மறுபடி படுத்தால்தான் இறக்க முடியும். மடக்கி மடக்கித் தோரானின் முழங்கால் இரண்டும் கருங்கல்லாகக் காய்த்துப்போயின.

"ஏய் கோணல் முதுகா! உன் முதுகில் குன்றை வைத்தது யார்?" என்று குரங்குகள் கத்தும்.

"உப்பு வேண்டுமா, வேண்டாமா?" என்று தோரான் கேட்கும்.

"வேண்டும், வேண்டும்! குன்று அழகாகத்தான் இருக்கிறது!"

தோரான் சிரித்துக்கொள்ளும். அதன் வருத்தம் வேறு. காட்டின் ராஜாவான சிங்கம் ஆலமரத்தடியில் சபை கூட்டும்போது மற்ற மிருகங்கள் தலையைத் தாழ்த்தினால் போதும். வெளியூரிலிருந்து வந்தவை மட்டும் முழங்கால் மடக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் தோரான் மடக்கியது. பிறகு அதற்கு ஒரு மகன் பிறந்தது. பெயர் உத்தமசீலன். சபையில் அந்தக் குட்டியையும் மடக்கச் சொன்னார்கள்.

ஒரு மழைக்காலத்தில் காட்டில் நோய் பரவியது. தோரான் ஓய்வே எடுக்காமல் மூன்று முறை தேரியைக் கடந்து உப்பு கொண்டுவந்தது. உப்பை நக்கிய கன்றுகள் பிழைத்தன.

"என்ன வேண்டும், கேள்!" என்றது சிங்கம்.

"ராஜா, சுமை ஏற்ற நான் முழங்கால் மடக்குகிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என் பிள்ளை இந்தச் சபையில் மடக்க வேண்டாம். அது இங்கே பிறந்தது."

பக்கத்தில் இருந்த நரி மந்திரி சிங்கத்தின் காதில் சொன்னது: "சீக்கிரம் கொடுத்துவிடுங்கள், ராஜா! இவ்வளவு மலிவாக யார் கேட்பார்கள்?"

சிங்கம் கர்ஜித்தது. "இன்றுமுதல் உங்கள் குடும்பத்துக்கு உப்பரையர் என்று பட்டம்! உப்பரையர் யாருக்கும் முழங்கால் மடக்கத் தேவையில்லை! இந்த ஆலமரத்து நிழலும் உங்களுக்கே!"

அன்று இரவு தோரான் அழுதது. மறுநாள் காலையில் எழுந்து வழக்கம்போல் உப்புக்குப் போனது. சாகும்வரை போய்க்கொண்டிருந்தது.

தோரானுக்குப் பிறகு உத்தமசீலன் உப்பரையர் ஆனது. அது ஒரே ஒரு முறை கடற்கரைக்குப் போனது.

"வாருங்கள் அரையரே! படுங்கள், ஏற்றிவிடுகிறோம்!" என்றன நீர்நாய்கள்.

"நானா? நான் யாருக்கும் மடக்கத் தேவையில்லை என்று ராஜாவே சொல்லியிருக்கிறார்!"

"எங்களுக்காக யார் மடக்கச் சொன்னார்கள்? பெட்டிக்காக மடக்குங்கள்!"

"எதற்காக மடக்கினாலும் முழங்கால் ஒன்றுதானே!"

நீர்நாய்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. எம்பிப் பார்த்தன. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றும் பார்த்தன. பெட்டி சரிந்து உப்பெல்லாம் கொட்டியது. உத்தமசீலன் வெறும் முதுகோடு திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு அது கழுதைகளை வேலைக்கு வைத்துக்கொண்டது. கழுதைகளால் தேரியில் நடக்க முடியாது. ஆற்றங்கரையோரமாகச் சுற்றிப் போகும். பதினைந்து நாள் ஆகும். ஆனாலும் உப்பு வந்தது. ஆலமரத்தடியில் உத்தமசீலன் நிமிர்ந்து நின்று, உப்பை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்தது.

"சுமக்கிறது கழுதை, பேர் அரையருக்கு!" என்று குரங்குகள் சிரித்தன.

உத்தமசீலன் காதில் வாங்கவில்லை. வருகிற போகிற மிருகங்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னது: "முழங்கால் மடக்கினால் அப்புறம் அது உப்பரையர் இல்லை!"

சொல்லிச் சொல்லி அது குடும்பத்தின் சட்டமாகிவிட்டது. வெயிலில் மடக்கக் கூடாது. உடம்பு சரியில்லாவிட்டாலும் மடக்கக் கூடாது. தூக்கத்தில் கால் துவண்டால் உத்தமசீலன் திடுக்கிட்டு விழித்து, "யாராவது பார்த்தார்களா?" என்று கேட்கும். அதன் மனைவி ஒரு கோடையில் நின்றபடியே இறந்துபோனது. கீழே விழுந்த பிறகுதான் இறந்தது என்றே மற்றவற்றுக்குத் தெரிந்தது.

கூழையன் என்று ஒரு கழுதை, கழுதைக் கூட்டத்துக்குத் தலைவன். ஒருநாள் அது உத்தமசீலனிடம் வந்தது.

"அரையரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். வழி எங்களுக்குத் தெரியும். நீர்நாய்களோடு பேச்சும் எங்களுக்குத்தான். சுமையும் எங்கள் முதுகில். நடுவில் நீங்கள் எதற்கு?"

"நான் உப்பரையர்!"

"அது சரி. உப்பு எங்கே?"

அன்றுமுதல் கழுதைகள் தாங்களே வியாபாரம் செய்தன. உப்பரையர் குடும்பத்திடம் ஆலமரத்து நிழலும் பட்டமும் மட்டும் மிஞ்சின.

உத்தமசீலனின் மகள் தாழைமணி. பிறந்த நாள்முதல் அது நின்றுகொண்டே வளர்ந்தது. எப்போதும் அதற்குக் களைப்பாக இருந்தது. எல்லோருக்குமே இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டது.

அந்த ஆண்டு பெருவெள்ளம் வந்தது. ஆற்றங்கரைப் பாதை அடித்துக்கொண்டு போய்விட்டது. கழுதைகள் முட்டளவு சேற்றில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டன. இரண்டு மாதம் உப்பு இல்லை. மான் குட்டிகள் மறுபடியும் பாறையை நக்கத் தொடங்கின.

இப்போது பழைய சிங்கத்தின் பேரன் ராஜா. பழைய நரியின் மகன் மந்திரி. நரி ஆலமரத்தடிக்கு வந்தது.

"உப்பரையரே! பேரில் உப்பு இருக்கிறது. நிழலில் சுகம் இருக்கிறது. இருபது நாளைக்குள் உப்பு வரவேண்டும் என்று ராஜா உத்தரவு! இல்லாவிட்டால் அப்பாவும் மகளும் காட்டைவிட்டுப் போய்விடுங்கள்!"

"எங்கே போவது?" என்றது உத்தமசீலன்.

"வந்த ஊருக்கே போங்கள்!"

"நான் இங்கே பிறந்தவன் ஐயா! அந்த ஊரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது!" நரி வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டது.

உத்தமசீலனுக்கு வயதாகிவிட்டது. நாலு கால்களும் வீங்கியிருந்தன. குளத்துக்குப் போய்வருவதே அதற்குப் பெரிய பயணம். தாழைமணி அப்பாவின் கால்களைப் பார்த்தது. இந்தக் கால்களோடு அப்பா எந்த ஊருக்குப் போகும்?

"அப்பா, தேரி வழியாக நான் போகிறேன்."

"போ. ஆனால் எப்படி ஏற்றுவாய்?"

"மடக்கித்தான்."

"வேண்டாம்!" என்று உத்தமசீலன் குறுக்கே வந்தது. "நீயும் நானும் மடக்கக் கூடாது என்றுதான் உன் தாத்தா வாழ்நாளெல்லாம் மடக்கினார். அவர் பட்ட பாட்டை வீணாக்காதே!"

"தாத்தா சபையில்தானே மடக்க வேண்டாம் என்று கேட்டார்? சுமைக்கு மடக்குவதில் குறை இல்லை என்றும் சொன்னாராமே. குளத்துக் கிழ ஆமை எனக்குச் சொல்லியிருக்கிறது."

"ஆமைக்கு என்ன தெரியும்?"

"அது அந்தச் சபையில் இருந்தது, அப்பா. உங்களுக்கு அப்போது சின்ன வயது."

உத்தமசீலன் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"உப்பு இல்லாமல் வராதே" என்றது கடைசியில். "மடக்கியதாக மட்டும் யாரிடமும் சொல்லாதே."

தேனடைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தாழைமணி புறப்பட்டது. அதன் பாதமும் முறம் போல அகலம்தான், தேரியில் புதையவில்லை. ஏழாம் நாள் கடற்கரை வந்தது. நீர்நாய்கள் அதை அண்ணாந்து பார்த்தன.

"அடேயப்பா! தோரானுடைய பேத்தியா? நீயும் மடக்க மாட்டாய் என்றால் இப்போதே சொல்லிவிடு. உன் அப்பா வந்தபோது கொட்டிய உப்பையே இன்னும் நாங்கள் வாரி முடிக்கவில்லை!"

"மடக்கிப் பார்க்கிறேன்" என்றது தாழைமணி.

ஆனால் முழங்கால் வளையவில்லை. பழக்கமில்லாத மூட்டு, மரமாக இருந்தது. ஒரு காலை மடக்கினால் மறுபக்கம் சரிந்தது. நாலு முறை விழுந்தது. வாயெல்லாம் உப்பு மணல். நீர்நாய்கள் சிரித்தன. ஐந்தாம் முறை அவை சிரிக்கவில்லை. அதன் வயிற்றுப் பக்கம் வந்து முட்டுக்கொடுத்தன. அன்று மாலைக்குள் தாழைமணி முழங்கால் மடக்கிப் படுத்துவிட்டது. நீர்நாய்கள் பெட்டிகளை ஏற்றிக் கட்டின. எழுந்திருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

திரும்பும் வழி முழுவதும் சுமை அழுத்தியது. முழங்காலில் தோல் கிழிந்து ரத்தம் கசிந்தது. பதினாறாம் நாள் அது காட்டுக்குள் நுழைந்தது.

"உப்பு வந்துவிட்டது! உப்பு வந்துவிட்டது!" என்று குரங்குகள் கிளைக்குக் கிளை தாவின. எல்லா மிருகங்களும் ஆலமரத்தடியில் கூடின. சிங்கமும் நரியும் வந்தன. கூழையனும் தன் மகன்களோடு வந்து நின்றது.

உத்தமசீலன் மகளின் அருகே நொண்டி நொண்டி வந்து, காதில் சொன்னது: "புதருக்குப் பின்னால் போய் இறக்கலாம், வா. யாரும் பார்க்க மாட்டார்கள்."

புதர் நாற்பது அடி தூரத்தில் இருந்தது. தாழைமணி அதைப் பார்த்தது. ஒரு மான் குட்டி ஓடி வந்து, அதன் காலில் வழிந்த வியர்வை உப்பை நக்கியது.

"இன்னும் ஓர் அடிகூட என்னால் முடியாது, அப்பா" என்றது தாழைமணி. எல்லோருக்கும் முன்னால் முழங்கால் மடக்கிப் படுத்தது.

மான் குட்டிகள் பெட்டிகளின்மேல் பாய்ந்தன.

நரி மட்டும் குதித்து முன்னால் வந்தது. "ராஜா! அரையர் முழங்கால் மடக்கிவிட்டது! பட்டம் போயிற்று!"

"மடக்கத் தேவையில்லை என்றுதான் பழைய ராஜா சொன்னார். மடக்கக் கூடாது என்று சொல்லவே இல்லை!" என்றது தாழைமணி.

"அது எனக்கும் தெரியும், அம்மா!" நரி பல்லைக் காட்டியது. "ஆனால் மடக்கினால் உப்பரையர் இல்லை என்று ஊரெல்லாம் சொன்னது யார்? நானா? உன் அப்பாதானே! ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்லுமே!"

எல்லா மிருகங்களும் உத்தமசீலனைப் பார்த்தன. அது தலையைக் குனிந்துகொண்டது.

சிங்கம் யோசித்தது. "உப்பு வந்ததால் இவர்கள் காட்டிலேயே இருக்கலாம். பட்டமும் ஆலமரமும் இத்தனை வருடம் சுமந்த கூழையனுக்கு!"

கூழையன் காதுகளை நிமிர்த்தியது. சந்தோஷம் தாங்காமல் ஒருமுறை கத்தியது. பிறகு மகன்களைப் பார்த்து அதட்டியது: "டேய்! நாளைமுதல் யாரும் சுமை தூக்கக் கூடாது! நாம் அரையர்கள்! மானத்தை வாங்கிவிடாதீர்கள்!"

அதற்குத் தாழைமணி என்னவோ சொல்ல நினைத்தது. ஆனால் அதற்குள் கண் சொருகிவிட்டது.

மாலையில் ஆலமரத்தடி கழுதைகளால் நிறைந்தது. அப்பாவும் மகளும் குளத்துக்கு அந்தப் பக்கம், நிழல் குறைந்த ஒரு வேலமரத்தடிக்கு மாறின. தாழைமணி அங்கே போனதும் மறுபடி படுத்துக்கொண்டது. உத்தமசீலன் பக்கத்தில் நின்றது.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டது.

"முழங்கால் எரிகிறது. ஆனால் முதுகு வலி விட்டுப்போயிற்று. நீங்களும் உட்காருங்கள், அப்பா. இனிமேல் யார் பார்த்தால் என்ன?"

உத்தமசீலன் இருபக்கமும் பார்த்தது. முன்னங்காலை மெல்ல மடக்கப் பார்த்தது. கால் வளையவில்லை. இன்னொரு முறை பார்த்தது. வலியில் அதன் கண்ணில் நீர் வந்தது.

"எனக்கு வராது போலிருக்கிறது, அம்மா."

"அப்படியானால் என்மேல் சாய்ந்துகொள்ளுங்கள்" என்று தாழைமணி தட்டுத்தடுமாறி மறுபடியும் எழுந்து நின்றது.

நம்மை உயர்த்திய வேலையையே இழிவென்று விட்டுவிட்டால், உயர்ந்த இடம் கிடைத்தாலும் அங்கே நாம் நின்று களைக்கலாமே தவிர நிம்மதியாக உட்கார முடியாது.