பலகையில் நான்கு எழுத்துகள்

ஈரத் துணியோடு கரும்பலகையின் அருகே போன எலியாபா, கையைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

"டீச்சரம்மா, இது யார் வேலை?"

ரிப்கா திரும்பிப் பார்த்தாள். பலகையின் நடுவில் நான்கு எபிரேய எழுத்துகள் இருந்தன. முதல் மூன்றும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. நான்காவது, இடம் போதாமல் கீழே சரிந்திருந்தது. கோணல்மாணல்தான். ஆனாலும் படிக்க முடிந்தது.

அது கடவுளின் பெயர்.

காயலோரத்தில் இருந்த அந்தச் சிற்றூரின் யூதர்கள் அந்தப் பெயரை வாயால் சொல்வதில்லை. ஜெபப் புத்தகத்தில் அது வரும் இடத்தில் வேறொரு சொல்லைப் படிப்பார்கள். பேச்சில் வந்தால் 'திருப்பெயர்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். எழுதுவதிலும் அப்படித்தான். தோரா என்னும் வேதத்தைச் சுருளில் எழுதுகிறவர் எழுதுவார். மற்றவர்கள் எதற்கு வம்பு என்று விட்டுவிடுவார்கள். ஏனென்றால், ஒருமுறை எழுதிவிட்டால் அதை அழிக்கக் கூடாது.

ஜெப ஆலயத்தின் மாடியில் நடந்த அந்தப் பள்ளியில் பன்னிரண்டு பிள்ளைகள். பலகை ஒன்றே ஒன்று. இன்னும் மூன்று நாளில் வாரங்களின் பண்டிகை, சீனாய் மலையில் தோரா கிடைத்த நாள். அன்று பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, பெற்றோர் முன்னால் பலகையில் எழுதிக் காட்டுவார்கள். எழுதிய பிள்ளையின் நாக்கில் ஒரு சொட்டுத் தேன் வைப்பது வழக்கம்.

"கேக்கிறேன்ல, யாரு எழுதினது?" என்றார் எலியாபா. ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கி, விளக்கேற்றி, பூட்டித் திறப்பவர் அவர்தான்.

பதினொரு பிள்ளைகளும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

சன்னலோரம் சிம்ஹா நின்றாள். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. பாவாடையெல்லாம் சாக்பீஸ் தூள்.

இவளா? ரிப்காவுக்குப் பயத்தைவிட வியப்புதான் முதலில் வந்தது.

சிம்ஹா முட்டை வியாபாரி ஹாயிமின் மகள். ஆறு வயது. எழுத்துகள் எல்லாம் தெரியும். கேட்டால் தயங்காமல் சொல்வாள். எழுதச் சொன்னால் மட்டும் கை முதுகுக்குப் பின்னால் போய்விடும். வகுப்புக்கு வந்த முதல் வாரத்தில் அவள் எழுதியதைப் பார்த்து, "கோழி கிளறின மாதிரி இருக்கு" என்றான் ஒரு பையன். வகுப்பே சிரித்தது. அதன் பிறகு நான்கு மாதமாக அவள் சாக்பீஸைத் தொடவில்லை. ரிப்கா கெஞ்சியும் பார்த்தாள், கற்கண்டு காட்டியும் பார்த்தாள்.

இன்று தானாகத் தொட்டிருக்கிறாள்.

"இருக்கிறது ஒரு பலகை. பண்டிகைக்கு இருக்கிறது மூணு நாள். பிள்ளைக்கு எவ்வளவு துணிச்சல் பாருங்க!" என்றார் எலியாபா.

"சத்தம் போடாதீங்க, அண்ணே."

"நான் எங்கே சத்தம் போட்டேன்? என் குரலே இதுதான். ஆசானைக் கூட்டிட்டு வர்றேன்."

அவர் படியிறங்கிப் போனார். சிம்ஹாவின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. இப்போது ஒரு அதட்டல் விழுந்தால் போதும், இந்தக் கை இனி வெளியே வராது என்று ரிப்காவுக்குத் தோன்றியது.

ஆலய முற்றத்து வீட்டில் இருந்த மேதாத் ஆசான்தான் ஊருக்கே வேதம் சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் ஆறு வருடம் படித்தவள் ரிப்கா. எப்போதோ ஒரு பாடத்தில் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. 'அறியாமல் கை போன போக்கில் எழுதியது வெறும் எழுத்து. அறிந்து எழுதியதுதான் பெயர்.' வெறும் எழுத்தென்றால் துடைத்துவிடலாம். பலகையும் தப்பும், பிள்ளையும் தப்பும்.

ரிப்கா குழந்தையின் முன்னால் மண்டியிட்டாள்.

"குட்டி, ஆசான் வந்து என்ன எழுதினேன்னு கேப்பார். தெரிஞ்ச எழுத்தைச் சும்மா எழுதினேன்னு சொல்லு. சரியா?"

"சும்மாவா?"

"ஆமா, சும்மா."

படியில் காலடிச் சத்தம் கேட்டது.

ஆசான் ஒவ்வொரு படியிலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். பலகையை வெகுநேரம் பார்த்தார்.

"கடைசி எழுத்து வழுக்கி விழுந்திருக்கு" என்றார். பிறகு பிள்ளைகளின் குட்டை பெஞ்சில் உட்கார்ந்தார். இப்போது அவர் முகமும் சிம்ஹாவின் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன.

"என்ன எழுதினே, மோளே?"

"தெரிஞ்ச எழுத்தைச் சும்மா எழுதினேன்னு சொல்லணும்."

எலியாபா இருமினார்.

"சொல்லணுமா? யாரு சொன்னா?"

சிம்ஹா கண்ணால் ரிப்காவைக் காட்டினாள். ரிப்காவின் காது மடல்கள் சுட்டன. ஆசான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி முறைத்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"சரி, அதைச் சொல்லியாச்சு. இப்ப நான் கேக்கிறேன். என்ன எழுதினே?"

"அவரோட பேரு."

"எவரோட?"

சிம்ஹா முகவாயைத் தூக்கிக் கூரையைக் காட்டினாள்.

ரிப்கா கண்ணை மூடிக்கொண்டாள். பலகை போயிற்று.

"எதுக்கு எழுதினே?"

"எல்லாரும் திருப்பெயர், திருப்பெயர்னு மட்டும்தான் சொல்றீங்க. என்ன பேருன்னு யாரும் சொல்றதே இல்லை. அப்பாகிட்ட கேட்டேன், 'உஷ்'னாரு. பெரியம்மாகிட்ட கேட்டேன், அவங்களும் 'உஷ்'னாங்க." அவள் குரல் தாழ்ந்தது. "எல்லாருக்கும் மறந்துபோச்சு போலிருக்கு, பாவம். புஸ்தகத்துல நீங்க வேற சொல்லாப் படிக்கிற இடத்துல அது இருந்துச்சு. பார்த்து எழுதிப் போட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. எலியாபா தன் கையிலிருந்த ஈரத் துணியைப் பார்த்தார். மெல்ல அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஆசான் எழுந்தார்.

"எலியாபா, பலகையைப் பரணுக்குக் கொண்டுபோகணும்."

கிழிந்துபோன ஜெபப் புத்தகங்களை அந்த ஊரில் குப்பையில் போடுவதில்லை. திருப்பெயர் இருக்கும் தாள்களைப் பரணில் சேர்த்து வைத்து, நிறைந்ததும் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்வார்கள்.

"முழுப் பலகையுமா? நாலே நாலு எழுத்து, ஆசானே."

"ஆமா, நாலு எழுத்து. துணி எங்கேயாவது அதுமேல பட்டுடாம பார்த்துக்கோ."

"நான் தப்புப் பண்ணிட்டேனா?" என்றாள் சிம்ஹா.

"பலகை நல்ல கனம்" என்றார் ஆசான். "ஒரு முனையைப் பிடிக்கிறியா?"

சிம்ஹா யோசித்தாள். பின்னாலிருந்து ஒரு கை வந்தது. பிறகு இன்னொன்றும் வந்தது. அந்தக் கைக்குள் ஒரு சாக்பீஸ் துண்டு நசுங்கியிருந்தது. அதைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டு வந்து முனையைப் பிடித்தாள். பிடித்தாள் என்பதைவிட, பரண் ஏணிவரை தொட்டுக்கொண்டே வந்தாள் என்பது சரி.

சுவரில் பலகை இருந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. பண்டிகைக்குள் தச்சனைப் பிடித்துப் புதுப் பலகை செய்ய முடியாது. பெற்றோரிடம் என்ன சொல்வது?

சற்று நேரத்தில் கீழே முற்றத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். ஆசானும் எலியாபாவும் எதையோ தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்கள்.

"ஆசானே, இது உங்க வாசல் கதவு!"

"ஆமா, தேக்கு. கொஞ்சம் தள்ளி நில்லு."

"நான் எவ்வளவோ சொல்லிட்டேன், டீச்சரம்மா" என்றார் எலியாபா. "வீட்டுக்குள்ள நாய் வருமேன்னு கேட்டா, வந்தாலும் அதுக்கு அங்கே ஒண்ணும் கிடைக்காதுங்கிறார்."

பிள்ளைகள் வேலியிலிருந்து கோவை இலை பறித்து வந்தார்கள். ஆலய அடுப்பிலிருந்து கரி வந்தது. இரண்டையும் கல்லில் வைத்து அரைத்துக் கதவில் பூசினார்கள். கதவில் பாதியும் முகங்களில் பாதியும் ஏறியது. மறுநாள் காலை கதவு காய்ந்து, தாழ்ப்பாளோடும் வளையத்தோடும் வகுப்பின் சுவரில் சாய்ந்து நின்றது.

ரிப்கா சாக்பீஸை நீட்டி, "யார் முதல்ல?" என்றாள்.

சிம்ஹா எழுந்தாள். பையிலிருந்து தன்னுடைய நசுங்கிய துண்டை எடுத்தாள்.

"எதை வேணும்னாலும் எழுதலாமா?"

"எழுதலாம்."

"அழிக்கக்கூடியதா எழுதுறேன்" என்றாள் அவள் பெரிய மனதோடு.

நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எழுத்துகள் இன்றும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. எழுதி முடித்ததும் உரக்கப் படித்தாள்.

"முட்டை."

"கோழி முட்டை போட்டிருச்சு!" என்றான் அன்று கேலி செய்த அதே பையன்.

வகுப்பு சிரித்தது. ரிப்கா அந்தக் கைகளையே பார்த்தாள். அவை பின்னால் போகவில்லை. சிம்ஹாவும் சிரித்தாள், முன்பல் விழுந்த இடம் தெரிய. பிறகு முட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு முட்டை எழுதினாள்.



வகுப்பு முடிந்ததும் அவள் முற்றத்துக்குப் போனாள். ஆசான் கதவில்லாத வாசலில் ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாய் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

"ஆசானே, நான் அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லிக் கொடுத்தேன்."

"ஆமா."

"பலகை போயிடுமேன்னு பயந்துட்டேன்."

"போயிடுச்சே." ஆசான் விரிப்பின் மறுமுனையை அவளிடம் நீட்டினார். "இதைப் பிடி."

ரிப்கா பிடித்துக்கொண்டாள். அவர் முடிச்சுப் போட்டார்.

"இப்ப எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிஞ்சுபோச்சு, ஆசானே. நாளைக்கு இன்னொருத்தர் வந்து எழுதினா?"

ஆசான் விரிப்பை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு கதவு இருக்கு" என்றார்.