மூவர் மாட்டுக்கறி வாங்கப் போனது

பாரிசுக்கு வெளியே ஒரு புறநகரில், காரைக்காலிலிருந்து போய்க் குடியேறிய மூன்று அறிவாளிகள் இருந்தார்கள். அறிவாளிகள் என்பது அவர்களே கூடிப் பேசி, எதிர்ப்பின்றி முடிவு செய்தது. மூத்தவர் ராயப்பன். மற்ற இருவர் அவர் தம்பி சூசைநாதனும் மைத்துனன் ஞானாதிக்கமும்.

ஒரு சனிக்கிழமை மூவரும் கறிக்கடைக்குக் கிளம்பினார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ராயப்பனின் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. போன வருஷம் வந்த சம்பந்தம் வேகாத மாட்டுக்கறியால் கைநழுவிப் போயிருந்தது. மென்று மென்று தாடை வலித்துப்போன அந்த வீட்டார், பதில் சொல்லக்கூட வாயைத் திறக்கவில்லை. அதனால் ராயப்பனின் மனைவி பிலோமினா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள்: "சீட்டைப் படிச்சுப் பாத்து வாங்குங்க."

ராயப்பனுக்கு மட்டும்தான் பிரெஞ்சு படிக்க வரும். கறிக்கடையில் முதல் தட்டிலிருந்த சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தார். மாடு பிறந்தது ஜெர்மனி, வளர்ந்தது பெல்ஜியம், வெட்டியது பிரான்ஸ்.

"நமக்கு விசா கிடைக்க ஆறு வருஷம் ஆச்சு. இது எப்படிண்ணே வந்துச்சு?" என்றான் சூசைநாதன்.

"வந்து என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல," என்றான் ஞானாதிக்கம்.

"அது கெடக்கட்டும். மாட்டுக்குச் சொந்த ஊர் எதுன்னு சம்பந்தி கேட்டா நான் எதைச் சொல்றது?" ராயப்பன் சீட்டை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

அடுத்த தட்டு மாட்டுக்குப் பிறப்பு, வளர்ப்பு, வெட்டு மூன்றுமே பிரான்ஸ்.

"பாவம், ஒரு வெளியூர்கூடப் பாக்கல," என்று சூசைநாதன் குல்லாயைக் கழற்றினான். மூவரும் ஒரு நிமிஷம் தலைகுனிந்து நின்றார்கள். பின்னால் வரிசையில் இருந்த பிரெஞ்சுக்காரர்களும், எதற்கென்று தெரியாமலே தலைகுனிந்தார்கள்.

கடைக்காரர் பொறுமைசாலி. ஒவ்வொரு துண்டாகத் தொட்டு, பிரெஞ்சுக் கறிக்கடைகளில் அதற்கு வழங்கும் பெயரைச் சொன்னார். ராயப்பன் தமிழாக்கினார். "இது சிலந்தியாம். இது பேரிக்காயாம். இது ஏதோ கடல்மீனாம்."

ஞானாதிக்கம் வெகுநேரம் யோசித்தான். "அப்ப மாடு எங்க இருக்கு மாமா?"

"இரு. இதுக்குப் பேரே போலித் துண்டாம்."

"நேர்மையான மனுஷன்," என்றான் சூசைநாதன். "நம்மூர்ல போலியைச் சொல்லாம விப்பாங்க."

கடைசியில், குழம்புக்கு என்று கேட்டதும் கடைக்காரர் ஒரு தோள்பட்டைக் கறியைக் காட்டினார். சின்னத் தீயில் மூன்று மணி நேரம் வைத்தால் பஞ்சாக வெந்துவிடும், இதற்கு 'இரட்டைப் பிள்ளை' என்று பெயர் என்றார். ராயப்பன் முகம் இருண்டது. தட்டில் ஒன்றுதான் இருந்தது.

"கூடப் பொறந்ததைப் பிரிக்கறது பாவம். அதுவும் கல்யாண விஷயத்துல," என்றார். கடைக்காரர் உள்ளே போய் ஜோடியையும் எடுத்து வந்தார். இரண்டையும் ஒரே பையில் போட்டு, காற்றை உறிஞ்சி மூடி, மேலே சீட்டு ஒட்டிக் கொடுத்தார்.

ஞாயிறன்று குழம்பு அமிர்தமாக இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா பங்கிராஸ் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நாலு மணிக்கு, "அப்ப நாங்க கிளம்பறோம்," என்று எழுந்தார்.

ராயப்பன் வாசலை மறித்து நின்றார். கையில் அந்தக் காலிப் பை.

"தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. எனக்கும் இப்பத்தான் கண்ணுல பட்டுது. பதினாலாந்தேதி வரைக்கும் சாப்பிடவும்னு போட்டிருக்கு. இன்னிக்குப் பதினொண்ணுதான்."

பிலோமினா கதவோரம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். இந்தச் சம்பந்தமும் போயிற்று.

பங்கிராஸ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சீட்டை இரண்டு முறை படித்தார். அரசாங்க முத்திரையும் இருந்தது. மெதுவாகத் திரும்பி வந்து உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பதினாலையும் சேர்த்துச் சாப்பிடணுமா, இல்ல பதிமூணோட நிறுத்திக்கலாமா?"

"கடைக்காரரைத்தான் கேக்கணும்," என்றார் ராயப்பன். "நாளைக்கு அவருக்கு லீவு. செவ்வாய்க்கிழமை கேட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் கையை நிறுத்தாம சாப்பிடுங்க."