தங்கதுரை சோதித்த கண்ட்ரோலர்

கரூரில் ஒரு துணிக்கடை மாடியில் ஆஃப்ரின் வீடியோ கேம் சென்டர் நடத்திவந்தாள். அவளிடம் ஆட்டம் கற்றுக்கொள்ள வந்த தங்கதுரை அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

புதுக் கண்ட்ரோலர் எது வந்தாலும் பார்த்து நல்லது கெட்டது சொல்வது தங்கதுரைதான். அவர் சொல்லிவிட்டால் சென்டருக்கு வருகிறவர்கள் மறுபேச்சு இல்லாமல் வாங்குவார்கள்.

அன்று வந்தது ஒரிஜினல் இல்லை, வேறு கம்பெனிக் கண்ட்ரோலர். அதை வாங்கலாமா என்று குளித்தலையிலிருந்து சென்டருக்கு வந்து ஆடும் கோமதி கேட்டிருந்தாள். அவளுடைய பழையது உடைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முதல் போட்டி.

தங்கதுரை சோதனைத் திரையைத் திறந்தார். பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். ஆளை நகர்த்தும் குட்டைக் குச்சிகளைக் கட்டைவிரலால் முழுசாக ஒரு சுற்றுச் சுற்றினார். எல்லாம் திரையில் பளிச்சென்று எரிந்தது.

"எப்படிண்ணே இருக்கு?"

"அம்சமா இருக்கு மாஸ்டர். பிடி சொரசொரன்னு இருக்கு, கை வேர்த்தாலும் வழுக்காது. பின்னாடி கூடுதலா ரெண்டு பட்டன் வேற. ஒரிஜினல்லகூட அது இல்ல."

"கோமதிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். சாயங்காலம் வாங்கிடுவா."

"சரி. மத்தியானம் நம்ம டீமுக்கு ஆள் எடுக்கிற ஆட்டம் இருக்கே. இதுலயே ஆடுறீங்களா?"

தங்கதுரை பையிலிருந்த தன் சொந்தக் கண்ட்ரோலரைத் தடவினார்.

"எனக்கு இதுல கை பழகிடுச்சு மாஸ்டர்."

"கோமதிக்கு?"

அவர் பையை மூடிவிட்டுப் புதுக் கண்ட்ரோலரையே எடுத்துக்கொண்டார்.

கால்பந்து ஆட்டம். எதிரே மார்ட்டின், வாய் ஓயாதவன். தங்கதுரை இடது குச்சியை லேசாகத் தள்ளினார். திரையில் அவர் ஆள் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினார். ஆள் பந்தை விட்டுவிட்டுப் பாய்ந்து ஓடினான்.

"என்னண்ணே, உங்காளு திருச்சி பஸ்ஸைப் பிடிக்கப் போறானா?" என்றான் மார்ட்டின்.

தங்கதுரைக்கு விரல் இறுகியது. கோல் அடிக்க வேண்டிய நேரத்தில் பின்பட்டன் தானாக அழுந்தி, பந்து மார்ட்டினின் ஆள் காலுக்கே போனது. அதோடு ஆட்டம் கைவிட்டுப் போனது. டீமில் மார்ட்டின் பேர் ஏறியது.

தங்கதுரை முதலில் போனை எடுத்தார்.

"கோமதி, வாங்கிட்டியாம்மா? இன்னும் இல்லையா, நல்லதாப் போச்சு. காலையில நான் சொன்னதை விட்டுடு. குச்சி லேசாத் தள்ளினா கேக்க மாட்டேங்குது. பின்பட்டன் தானா அழுந்துது. வீட்ல சும்மா ஆடலாம், போட்டிக்கு வேண்டாம்."

"சரிண்ணே. யாருகிட்டயாவது இரவல் கேட்டுக்கிறேன். நீங்க ஜெயிச்சீங்களா?"

"இல்லம்மா."

போனை வைத்துவிட்டு அந்தக் கண்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காலையில அவ்வளவு நேரம் கையில வச்சிருந்தேனே மாஸ்டர். அப்ப ஏன் தெரியல?"

ஆஃப்ரின் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"காலையில அது உங்க கையில இருந்துச்சுண்ணே. மத்தியானம் நீங்க அது கையில இருந்தீங்க."