இரண்டும் இடது கை

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்குக் கோதைநாயகி டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வெட்டி முடித்த பட்டுத் துண்டுகளை மேஜையில் பரப்பி, ஜாக்கெட்டின் உடம்போடு கைகளைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை சரியாக உட்கார்ந்தது. இன்னொன்றும் அதே பக்கம்தான் உட்கார்ந்தது. திருப்பிப் போட்டார். ஜரிகையின் உள்பக்கம் பல்லை இளித்தது. தலைகீழாக வைத்தார். கரை தோளுக்கு ஏறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து பார்த்தார். சந்தேகமே இல்லை, இரண்டுமே இடது கை.

"ஐயோ!" என்று வாய்விட்டே கத்திவிட்டார்.

அது என்ன சாதாரண ஜாக்கெட்டா? மகள் பவதாரிணியின் முகூர்த்த ஜாக்கெட். புடவையோடு ஒட்டியே நெய்து வந்த துணி. எந்த ஊர்க் கடையில் போய் நின்றாலும் அந்த அரக்கு நிறத்தில், அந்தக் கரையோடு இன்னொரு முழம் கிடையாது. கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பதே நாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் பெண் சனிக்கிழமை லீவு போட்டு வரப்போகிறாள். 'என் பொண்ணு ஜாக்கெட்டை என் கையாலதான் தைப்பேன்' என்று டீச்சர் சம்பந்தி வீடு வரைக்கும் தம்பட்டம் அடித்தாயிற்று.

எப்படி நடந்தது? முதல் கையை வெட்டி முடிக்கவும் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கவும் சரியாக இருந்தது. ஓடிப்போய்ப் பருப்பைக் கடைந்தார். கடையும்போதே, மாடியில் காயும் தஞ்சாவூர்ப் படத்துக்கு வெயில் கூடிவிட்டதோ என்று நினைத்தார். மாடிக்குப் போய்ப் படத்தைத் தள்ளி வைக்கும்போது, பருப்பில் பெருங்காயம் போட்டோமா என்று நினைத்தார். திரும்பி வந்து, காகித அளவைத் திருப்பிப் போடாமலே துணிமேல் வைத்து இரண்டாவது கையையும் வெட்டிவிட்டார்.

முப்பத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஓய்வு பெற்ற மறுநாளே, அதுவரைக்கும் ஆசைப்பட்டுத் தள்ளிப்போட்டதையெல்லாம் கையில் எடுத்தார். விதவிதமான சமையல், தையல், ஓவியம், வீணை, மாடித் தோட்டம். எல்லாவற்றுக்கும் பீரியட் பிரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டினார். மணி அடிக்கச் செல்போனில் அலாரம் வேறு. நல்ல கூத்து! பள்ளிக்கூட மணிக்குப் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள், தோசை மாவு எழுந்து நிற்குமா? ஒன்றரை வருஷத்தில் மிஞ்சியது கண் எழுதாத கிருஷ்ணர் ஒருவரும் பல்லவியோடு நின்றுபோன பாட்டு ஒன்றும்தான்.

துண்டுகளைப் பையில் திணித்துக்கொண்டு துறையூரிலிருந்து முசிறிக்குப் பஸ் ஏறினார். செம்மலரைப் பார்க்க.

செம்மலர் அவரிடம் படித்தவள். பத்தாம் வகுப்புக் கணக்கில் பன்னிரண்டு மார்க் வாங்கி, அவள் நோட்டு டீச்சர் கையால் ஜன்னலுக்கு வெளியே பறந்த கதை பள்ளிக்கூடத்துக்கே தெரியும். இப்போது முப்பத்து நாலு வயது. ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் ஜாக்கெட் தைக்கிறாள். சமையலும் அவள்தான். வீட்டுச் சுவர் முழுக்க அவள் வரைந்த மயிலும் மீனும். இத்தனைக்கும் நடுவில் மத்தியானம் ஒரு மணி நேரம் தூக்கம் வேறு! இவளுக்கு மட்டும் நாளுக்கு முப்பது மணி நேரமா என்று பார்க்கிறவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள்.

டீச்சரும் வாயைப் பிளந்தார். ஆனால் வேறு காரணத்துக்கு. அடுப்பும் தையல் மிஷினும் ஒரே அறையில் இருந்தன. நூல்கண்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் முருங்கைக்காய் கிடந்தது. பாதி தைத்த கவுன் ஒன்று நாற்காலியில் தொங்கியது. சுவரில் ஒரு மயிலுக்கு இன்னும் கால் வரவில்லை.

"வாங்க டீச்சர்! என்ன இது, சொல்லாம கொள்ளாம?"

டீச்சர் பையை நீட்டினார். செம்மலர் துண்டுகளை விரித்துப் பார்த்தாள்.

"ரெண்டும் இடது கை."

"அதைக் கேக்கத்தான் பஸ் ஏறி வந்தேனா?"

"பதறாதீங்க. ஓரத்துல கொஞ்சம் துணி மிச்சம் இருக்கு. அக்குள்ல ஒட்டுப் போட்டு ஒண்ணை வலது கையா மாத்திடலாம். கையை இறக்கிட்டா ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது."

"நிஜமாவா?"

"நிஜமா."

டீச்சருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூச்சு வந்த கையோடு அழுகையும் வந்தது.

"எப்படிடி நீ இத்தனையும் பண்றே? நானும்தான் சமைக்கிறேன், தைக்கிறேன், வரையறேன். ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு குட்டிச்சுவராப் போகுது. பேசாம எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாமான்னு இருக்கு. எப்படின்னு எனக்குச் சொல்லிக்கொடு. இன்னைலேர்ந்து நீதான் எனக்கு டீச்சர்."

செம்மலர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயையோ, பன்னெண்டு மார்க்குக்காரிகிட்டயா?"

"விளையாடாதே. பதில் சொல்லு."

"சொல்றேன். முதல்ல ரசத்துக்கு வச்சிட்டு வந்துடறேன்."

அடுப்பில் பாத்திரத்தை ஏற்றினாள். வந்து உட்கார்ந்து, மிச்சத் துணியில் ஒட்டு வெட்டி, கையில் இணைத்து, அந்தக் கையை ஜாக்கெட்டின் தோளோடு வைத்துத் தைக்க ஆரம்பித்தாள். மிஷின் சீராக ஓடியது. டீச்சர் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதி வளைவு வந்திருக்கும். செம்மலர் தலையைத் தூக்கினாள். மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"எங்கே போறே?"

"கொதி வந்துடுச்சு."

"முகூர்த்த ஜாக்கெட்டுடி அது! பாதித் தையல்ல அப்படியே போட்டுட்டுப் போறியே!"

"ரசமும் பாதியிலதான் இருக்கு டீச்சர்."

அதற்குப் பிறகு அவள் மிஷின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுப்பு முன்னால் நின்றாள். கறிவேப்பிலையை ஒவ்வொன்றாக உருவினாள். கடுகு வெடிப்பதைக் குனிந்து கேட்டாள். ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். இந்தப் பைத்தியத்திடம் போய்க் கொடுத்தோமே என்று டீச்சர் தன்னையே நொந்துகொண்டார்.

"இலை போட்டுட்டேன், உக்காருங்க."

"சாப்பாடு கிடக்கட்டும். கையை முடி."

"சாப்பிட்டுத்தான்."

பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒரு முறை முறைத்தால் வராந்தாவே அடங்கும். செம்மலர் அடங்கவில்லை. டீச்சர்தான் இலை முன்னால் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தாரே தவிர, கண் மிஷினை விட்டு நகரவில்லை. காற்றில் பட்டு நழுவிக் கீழே விழுந்துவிட்டால்? ஜன்னல் வழியே காக்காய் வந்துவிட்டால்? அந்த ஜரிகை ஓரத்தில் நூல் ஒன்று தொங்குகிறதே, அது உருவிக்கொண்டு வந்துவிடுமோ? சோறு உள்ளே போனது. ரசம் போனது. இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கினார், அதுவும் போனது.

செல்போன் அடித்தது. மகள் தாரிணி. வலது கை முழுக்கச் சோறு. இடது கை விரலால் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, போனை இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சொல்லும்மா."

தாரிணி பேசினாள். டீச்சர் தொங்கும் நூலைப் பார்த்தார்.

"ம்."

தாரிணி இன்னும் பேசினாள். அந்த நூல் சற்று நீண்ட மாதிரி இருந்தது.

"ம்... ம்..."

நடுவில் தாரிணி நிறுத்தினாள். பிறகு ஏதோ கேட்டாள்.

"சரிம்மா, அப்படியே செஞ்சிடு. அம்மா உன் ஜாக்கெட் வேலையாத்தான் இருக்கேன். வச்சிடட்டுமா?"

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. டீச்சர் விரலால் தட்டி அணைத்தார். மோர் ஊற்ற வந்த செம்மலர் சொம்பும் கையுமாக நின்றது நின்றபடியே நின்றாள். டீச்சர் அதையும் பார்க்கவில்லை.

செம்மலர் சொம்பைக் கீழே வைத்தாள்.

"ரசம் எப்படி இருந்துச்சு டீச்சர்?"

"பிரமாதம். கையைக் கழுவவே மனசு வரல."

"அதுல உப்புப் போடல."

"என்னது?"

"புளியும் கரைக்கல. வெந்நீர்ல ரெண்டு மிளகைத் தட்டிப் போட்டுக் கடுகு தாளிச்சேன். ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீங்க."

டீச்சருக்குத் திக்கென்றது. பாத்திரத்தை இழுத்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். வெறும் தண்ணீர். சத்தியமாக வெறும் தண்ணீர்! இதையா பிரமாதம் என்றோம்? முகம் கன்றிச் சிவந்தது. வெட்கம் தாளாமல் சிரித்தார்.

"நல்லா ஏமாத்திட்டியேடி! நான் கேட்டதுக்குப் பதில் இதுதானே? புரிஞ்சுது, புரிஞ்சுது."

செம்மலர் சிரிக்கவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது.

"இதுதான் பதில்னு நினைச்சுத்தான் செஞ்சேன். தாரிணி நடுவுல கூப்பிடுவான்னு எனக்குத் தெரியாது."

"ஏன், அவளுக்கு என்ன?"

"அவ என்ன சொன்னா டீச்சர்?"

"என்னமோ... மருதாணிக்காரி விஷயமா... இல்ல, பூவுக்கு..." டீச்சர் நிறுத்தினார். யோசித்தார். மகளின் ஒரு வார்த்தைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. அந்தத் தொங்கும் நூல் மட்டும்தான் கண்ணில் நின்றது.

"நீங்க என்ன சொன்னீங்க? அதாவது ஞாபகம் இருக்கா?"

"அப்படியே செஞ்சிடுன்னு..."

செம்மலர் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஸ்பீக்கர்ல போட்டிருந்தீங்க. காதுல விழுந்துடுச்சு. ஒரு வார்த்தை மாத்தாம சொல்றேன். 'அம்மா, நேத்து ஹோட்டல்ல எல்லார் முன்னாடியும் அவர் என் கையை முறுக்கிட்டார். மணிக்கட்டு வீங்கியிருக்கு. இது முதல் தடவை இல்ல. அப்பாகிட்ட சொல்லப் பயமா இருக்கு. பத்திரிகை எல்லாம் கொடுத்தாச்சு. நான் பொறுத்துக்கிட்டே இந்தக் கல்யாணத்தைப் பண்ணிக்கட்டுமா அம்மா?'ன்னு கேட்டா."

டீச்சர் இலைக்குப் பக்கத்தில் கிடந்த போனைப் பார்த்தார்.

"நீங்க, 'சரிம்மா, அப்படியே செஞ்சிடு'ன்னு சொல்லி வச்சுட்டீங்க."

"இல்ல... நான் கேக்கலியே... நான் அப்படிச் சொல்லலியே!"

"சொன்னீங்க டீச்சர்."

பெற்ற பெண் கேட்கிறாள், பெற்ற தாயே ஆகட்டும் என்று சொல்லியிருக்கிறாள். டீச்சரின் கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. எழுந்தார். எழுந்தவருக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. கால் தானாக மிஷின் பக்கம் போனது. அப்போதும் வாய் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

"குடு... இந்தக் கையை மட்டும் முடிச்சுக் குடு... எடுத்துக்கிட்டு நேரா கோயம்புத்தூர் பஸ்ஸுக்கே போயிடறேன்... சனிக்கிழமைக்குள்ள ஹூக்கு வைக்கணும்..."

சோற்றுக் கையாலேயே பட்டைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். அப்போதுதான் பார்த்தார், மிஷினின் ஊசி துணிக்குள்ளேயே இறங்கி நின்றது.

"இழுக்காதீங்க, கிழிஞ்சிடும்." செம்மலர் ஓடிவந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். "பாதியில எழுந்துக்கணும்னா நான் ஊசியைத் துணிக்குள்ள இறக்கி வச்சுட்டுத்தான் எழுந்துப்பேன். அப்புறம் அதைப் பத்தி நினைக்கவே வேண்டாம். எத்தனை நாள் கழிச்சு வந்து உக்காந்தாலும் விட்ட இடத்துலயே நிக்கும்."

"தாரிணி?" என்றார் டீச்சர்.

செம்மலர் இலைக்குப் பக்கத்தில் கிடந்த போனை எடுத்தாள். அதில் ஒட்டியிருந்த பருக்கையை முந்தானையால் துடைத்து, டீச்சரின் கையில் வைத்தாள்.

"அவ துணி இல்ல டீச்சர். கூப்பிடுங்க."